ஸ்டாங்கரில் வீடு, டர்பனில் வேலை: அந்த 5,500 ராண்ட் உண்மையில் மிச்சமா?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் லெனேஷியாவில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் மேலாளர். வரும் ஜனவரியில் அவரை டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்தை ஒட்டிய கிடங்குக்கு மாற்றுகிறார்கள். சம்பளம் 52,000 ராண்ட். கைக்கு வருவது 36,000. என்னுடையது சிறிது, 17,500 வருகிறது. மகள் இப்போது கிரேடு 7, மகன் கிரேடு 3. ஒரே கார், நான் லிஃப்ட் கிளப்பில் (சிலர் சேர்ந்து ஒரே காரில்) வேலைக்குப் போகிறேன். ஸ்டாங்கரில் மூன்று படுக்கையறை வீடு 8,500 ராண்ட் வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். அதே அளவு வீடு டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸில் 14,000. கணவரின் சித்தி ஸ்டாங்கரில் இருக்கிறார். பள்ளி விட்டபின் மகனைப் பார்த்துக்கொள்வார். டர்பனில் அதற்கு 1,800 ராண்ட் கட்டணம் சொன்னார்கள். என் அலுவலகத்துக்கு டர்பன் நகர மையத்தில் கிளை இருக்கிறது. இதே சம்பளத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஸ்டாங்கரில் ஒரு கடையில் கணக்கு வேலை, கைக்கு 11,000. பேசாமல் ஸ்டாங்கரிலேயே 12.5 லட்சம் ராண்டுக்கு ஒரு வீட்டை வாங்கிவிடலாம் என்றும் கணவர் சொல்கிறார். கோவில் பக்கத்தில் இருந்தால் நல்லது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் வேலையை மூன்று வரியில் விவரித்துவிட்டு, உங்கள் வேலையை 'என்னுடையது சிறிது' என்று ஓரமாக ஒதுக்கிவிட்டீர்கள். வீட்டுக்கு வரும் 53,500 ராண்டில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் 'சிறிது'தான். உங்கள் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கணவர் ஏன் ஸ்டாங்கர் பக்கம் சாய்கிறார் என்பது புரிகிறது. விமான நிலையம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து போனாலும் ஸ்டாங்கரிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தூரம் ஒன்றுதான், வாடகை 5,500 குறைவு, பிறகு என்ன யோசனை என்று அவருக்குத் தோன்றும். அவருடைய காரை மட்டும் கணக்கில் எடுத்தால் அது சரிதான். ஒரு சிறு வேறுபாடு உண்டு: டர்பனிலிருந்து என்2 சாலையில் விமான நிலையம் வரை சுங்கம் கிடையாது, வடக்கே ஸ்டாங்கரிலிருந்து வந்தால் டோங்காட் சுங்கச்சாவடி குறுக்கே நிற்கும். ஒரு தடவைக்குப் பெரிய தொகை இல்லை, ஆனால் மாதம் 44 தடவை. பழைய ஆர்102 சாலையில் போனால் சுங்கம் மிச்சம், நேரம் செலவு.

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஸ்டாங்கரில் குடியிருந்து டர்பன் கிளைக்குப் போனால் போகவர சுமார் 150 கிலோமீட்டர். 22 வேலை நாளுக்கு 3,300 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சிறிய கார், பெட்ரோல் லிட்டர் 22 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், மாதம் 5,082 ராண்ட். வாடகையில் மிஞ்சும் 5,500 ராண்டை பெட்ரோல் பங்கிலேயே கொடுத்துவிட்டு வருகிறீர்கள். டயரும் சர்வீஸும் இதில் இல்லை. அந்தக் காரே இன்னும் வாங்கவில்லை! 1,80,000 ராண்டுக்குப் பழைய கார் ஒன்றை ஆறு ஆண்டுத் தவணையில் எடுத்தால் மாதம் 3,500க்குக் குறையாது; காப்பீடு தனி. தவணையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று விற்பனையாளர் 'பலூன்' என்று ஒன்றைப் பேசுவார். கடைசி மாதத்தில் பெருந்தொகை ஒன்று மொத்தமாகக் காத்திருக்கும் ஏற்பாடு அது. எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு இந்தப் பாடம் புத்தகத்தில் வந்ததல்ல. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வாடகை குறைவு என்று அங்கே குடும்பத்தை வைத்துவிட்டு, ஆறு ஆண்டுகள் டர்பனுக்கு என்3 சாலையில் 80 கிலோமீட்டர் போய்வந்தவன் நான். கீ ரிட்ஜ் ஏற்றத்தில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய காலை முடிந்தது. டாஷ்போர்டுக்குள் ஒரு சிறு நோட்டு வைத்து, மேரியன்ஹில் சுங்கம், பெட்ரோல், வழியில் வாங்கிய காபி உட்பட எழுதிக்கொண்டு வந்தேன். முதல் ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது, வாடகையில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகவே செலவாகியிருந்தது. ஆனாலும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தேன். ஒருமுறை குடியேறிவிட்டால் பிள்ளைகளின் பள்ளி காலைக் கட்டிவிடும்.

சரி, டர்பன் வேலையே வேண்டாம், ஸ்டாங்கர் கடை வேலைக்குப் போகிறேன் என்றால்? இந்தக் கணக்கைப் போடும்போது நானே சற்று ஆச்சரியப்பட்டேன். உங்கள் சம்பளத்தில் 6,500 குறைகிறது. வாடகையில் 5,500, மகனைப் பார்த்துக்கொள்ளும் கட்டணத்தில் 1,800, ஆக 7,300 மிச்சம். மாதம் 800 ராண்ட் ஸ்டாங்கருக்குச் சாதகம். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்வது முறையல்ல.

ஆனால் அந்த 800 நிற்குமா? உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் தன் பங்காக எவ்வளவு போடுகிறது என்று பாருங்கள். கைக்கு வராத பணம் என்பதால் பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. மொத்தச் சம்பளம் 21,000 என்றும், நிறுவனப் பங்கு 7.5 சதவீதம் என்றும் வைத்தால் அதுவே 1,575 ராண்ட். சிறிய கடைகளில் பெரும்பாலும் இது கிடையாது. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு, கணவருடைய நிறுவனம் இந்த ஆண்டு ஊர் மாற்றுகிறது. அடுத்த முறை ஆளைக் குறைக்க மாட்டார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், வீட்டில் இரண்டாவது சம்பளம் 11,000ஆக இருப்பதும் 17,500ஆக இருப்பதும் ஒன்றல்ல. ஸ்டாங்கரில் கணக்காளருக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது எளிதில் கிடைக்காது. டர்பனில் கிடைக்கும்.

ஆகவே இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் டர்பன். ஆனால் நீங்கள் கேட்காத மூன்றாவது ஊர் ஒன்று இருக்கிறது: வெருலம்.

வெருலத்திலிருந்து விமான நிலையம் சுமார் 12 கிலோமீட்டர். கணவருக்கு ஒரு நாளைக்கு 56 கிலோமீட்டர் குறைகிறது. மாதம் ஏறக்குறைய 1,900 ராண்ட் பெட்ரோல் மிச்சம், சுங்கமும் இல்லை. டர்பன் நகர மையம் முப்பது கிலோமீட்டருக்குள். காலையில் அங்கிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம், பஸ்ஸும் மினிபஸ் டாக்சியும் உண்டு, லிஃப்ட் கிளப் கிடைப்பதும் சிரமமில்லை. இரண்டாவது காரை ஓராண்டாவது தள்ளிப்போடலாம். சென்ற மாதம் என்னிடம் வந்த குடும்பம் ஒன்று அங்கே மூன்று அறை வீட்டுக்கு 10,500 கொடுக்கிறது. கோவிலுக்கும் குறையில்லை, தைப்பூசத்துக்கு டோங்காட் பிரேக் வில்லேஜ் முருகன் கோவிலில் காவடி பார்க்க நினைத்தால் பக்கத்திலேயே இருக்கிறது.

வெருலத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர். வெருலமும் டோங்காட்டும் பார்க்கச் சிற்றூர் போல இருந்தாலும் டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வினி மாநகராட்சிக்குள்தான் இருக்கின்றன. மாநகராட்சியின் வடக்குப் பகுதியில் குழாய் வறண்டு போவது புதிய செய்தி அல்ல. 2022 ஏப்ரல் வெள்ளம் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பலமாகச் சேதப்படுத்தியபின் அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் வாழ்ந்தது. என் மைத்துனர் வீட்டு வாசலில் 25 லிட்டர் டிரம்கள் வரிசையாக நிற்கும். லாரி ஹாரன் கேட்டால் சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். அதே டோங்காட்டை 2024 ஜூன் 3 அன்று சுழல்காற்று (டொர்னேடோ) வேறு தாக்கியது. வீடு பார்க்கப் போகும்போது தரகர் காட்டும் சமையலறை மேடையைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பக்கம் போய் ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அது குழாயோடு இணைந்திருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், போன வாரம் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

வாங்குவதைப் பற்றி. முதல் ஆண்டில் எந்த ஊரிலும் வாங்க வேண்டாம். 12.5 லட்சம் ராண்ட் வீட்டில் சொத்து மாற்றுவரி பெரிதல்ல. 2025 ஏப்ரல் முதல் 12,10,000 வரை வரியே இல்லை, அதற்கு மேலுள்ள 40,000க்கு 3 சதவீதம், வெறும் 1,200 ராண்ட். இதைக் கேட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்திரப்பதிவு வழக்கறிஞர் கட்டணமும், இங்கே பாண்ட் என்று சொல்லும் வீட்டுக்கடனைப் பதியும் செலவும்தான் கையைக் கடிக்கும். 12 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 11,980. ஓராண்டு முழுக்கக் கட்டியபின் அசலில் குறைந்திருப்பது ஏறத்தாழ 18,600 மட்டுமே. ஊர் பிடிக்காமல் இரண்டாம் ஆண்டில் விற்க நேர்ந்தால், தரகர் கமிஷனுக்கே அது காணாது.

முன்பணத்துக்கு, ஓய்வூதிய நிதிகளுக்கு 2024 செப்டம்பரில் வந்த இரட்டைப் பானைத் திட்டத்தில், ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியிலிருந்து எடுக்கலாமே என்று கணவர் நினைக்கக்கூடும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்கிறார்கள். எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அவர் இருப்பது 36 சதவீத அடுக்கில். 60,000 எடுத்தால் 21,600 வரிக்குப் போய், 38,400 கைக்கு வரும். ஓய்வுக்காலப் பணத்தை இப்படி உடைப்பதற்கு வீட்டு மோகம் போதுமான காரணம் அல்ல.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனமே இடம் மாற்றுவதால், குடிபெயரும் செலவை அவர்கள் ஏற்றால் அதில் பெரும்பகுதிக்கு வருமான வரி கிடையாது. லாரி வாடகை, குடும்பத்தின் பயணம், மின்சாரம் தண்ணீர் இணைப்பு, கார் பதிவுக் கட்டணம், ஏன், புதிய பள்ளிச் சீருடையும் புது வீட்டு ஜன்னலுக்கான திரைச்சீலையும் வருவாய்த்துறையின் பட்டியலில் இருக்கின்றன! மாற்றல் நடந்த நாளிலிருந்து 183 நாள் வரை தற்காலிகத் தங்குமிடச் செலவுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் ரசீது வேண்டும். 'குடிபெயர்வுப் படி' என்று மொத்தமாக ஒரு தொகையைச் சம்பளத்தோடு போட்டால் அது வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடும். எனவே மாற்றல் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே, ரசீதுக்கு எதிராகப் பணம் திருப்பித் தருவதாக எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் துறையில் திரைச்சீலை ரசீது ஒரு பழைய நகைச்சுவை, யாரும் வைத்திருப்பதில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம். முன்வைப்புத் தொகையை வீட்டுக்காரர் வட்டி வரும் கணக்கில் போட வேண்டும், வட்டி உங்களுக்குச் சேரும். இது வாடகை வீட்டுச் சட்டம். குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுவரில் இருக்கும் ஈரக்கறையைச் செல்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

பள்ளிதான் நாள் குறிக்கும். மகளுக்கு ஜனவரியில் கிரேடு 8, உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு. நல்ல அரசுப் பள்ளிகளில் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள், இடமும் சீக்கிரம் நிரம்பும். இடம் கிடைத்ததற்கான கடிதம் கையில் வரும்வரை எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். வெருலத்தில் அவளுக்கு நல்ல இடம் கிடைக்காமல் ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் கிடைத்தால், மேலே நான் எழுதிய வெருலக் கணக்கை மறந்துவிட்டு 14,000 ராண்ட் வீட்டையே எடுங்கள். உங்கள் இருவர் சம்பளத்தில் அது கால் பங்கைவிடச் சற்று அதிகம்; தாங்கும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் வீடு பார்க்க வருவீர்கள் அல்லவா? ஞாயிறு இரவு சித்தி வீட்டில் தங்குங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு, கணவரைக் காரோட்டச் சொல்லி, உங்கள் கிளை அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள்; மாலை நான்கரைக்கு அங்கிருந்து திரும்புங்கள். அதற்கு முந்திய இரவிலேயே சித்தியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: மதியம் முதல் மாலை வரை, எல்லாப் பள்ளி நாளும், ஆண்டு முழுக்க மகனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. 1,800 ராண்ட் மிச்சம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. சித்தியிடம் கேட்டதாக அதில் எங்கும் இல்லை.