4 ஸ்பேட் தவறிப்போனது பார்ட்னர் தப்பில்லைங்க

பிரிட்ஜ் சீட்டாட்டத்துல எதிரிங்க 4 ஹார்ட் சொன்னப்போ பார்ட்னர் பாஸ் பண்ணதாலதான் 4 ஸ்பேட் சொல்லாமப் போச்சுன்னு சொல்றீங்க. நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா கோளாறு அந்தக் கடைசி பாஸ்ல இல்லைங்க, உங்க முதல் பிட்லயே (ஏலத்துல சொல்ற அளவு) இருக்கு. பார்ட்னர் 1 ஸ்பேட், வலதுகைக்காரர் 2 ஹார்ட், உங்ககிட்ட ஸ்பேட்ல கிங் உட்பட நாலு, ஹார்ட் ஒத்தைச் சீட்டு, டைமண்ட் ஏஸோட அஞ்சு, கிளப் ஜாக்கோட மூணு. பெரிய சீட்டுக் கணக்குல 8 பாயிண்ட்தானேன்னு 2 ஸ்பேட் சொல்லிட்டீங்க. ஆனா நாலு டிரம்ப் (துருப்பு, இங்க ஸ்பேட்) இருக்கும்போது அந்த ஒத்தைச் சீட்டுக்கே 3 பாயிண்ட் சேர்க்கலாம், ஆக 11, அது பார்ட்னர் சூட்டை உயர்த்திச் சொல்ற நல்ல ரெய்ஸ் கை. அங்க 3 ஹார்ட்னு எதிரி சூட்டையே சொல்லி, ஸ்பேடுக்கு நல்ல ஆதரவு இருக்குன்னு காட்டுற கியூ பிட் பண்ணியிருக்கணும் (நேரா 3 ஸ்பேட் குதிச்சா நிறைய பேர் அதை வீக்னுதான் எடுத்துப்பாங்க, கவனம்).

உங்க 2 ஸ்பேடைப் பார்த்த பார்ட்னர், உங்ககிட்ட மூணு ஸ்பேட், சுமார் கைன்னு நினைச்சு எதிரிங்களோட 4 ஹார்ட்டுக்கு பாஸ் பண்ணாரு, அவரைத் திட்டாதீங்க பாவம். எதிரிங்க நான்வல்னரபிள்ல (போனஸும் அபராதமும் குறைவான நிலை) 4 ஹார்ட் அடிச்சா உங்களுக்கு 420 பாயிண்ட் போகுது, நீங்களும் நான்வல்னரபிளா இருந்து 4 ஸ்பேட்ல, எதிரி டபுள் சொல்லி அபராதத்தை ஏத்தி, ரெண்டு டவுன் (ரெண்டு பிடி குறைவு) ஆனாக்கூட 300தான். ஒண்ணு மட்டும், பார்ட்னர் பவரெல்லாம் ஹார்ட்ல கிங் குயீன்னு மாட்டிக்கிட்டா உங்க ஒத்தைச் சீட்டுக்கு எதிரே அது வேஸ்ட், அப்போ அவர் எதிரிங்களோட 4 ஹார்ட்டை டபுள் பண்ணி, அதைத் தோற்கடிக்க டிஃபெண்ட் பண்றதுதான் சரி.