கேளுங்கள், சொல்கிறோம்: மேப்பிள் பாகு காய்ச்ச ஒரு கொட்டகை

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் ஒன்டாரியோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறார்கள். தோட்டத்தில் இருபது மேப்பிள் மரம் நிற்கிறதாம். சாறு இறக்கிப் பாகு காய்ச்ச சின்னக் கொட்டகை போடலாம் என்கிறார் மாப்பிள்ளை. நான் பிப்ரவரியில் போகிறேன். அப்பா காலத்தில் அணைக்கட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சிய குடும்பம் நாங்கள். அதே மாதிரி கட்டிவிடலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: அடுப்பு எரிக்கத் தெரிந்த மாமனார் வருவது மாப்பிள்ளைக்கு யோகம்தான். ஆனால் பிப்ரவரியில் போய் இறங்கிக் கட்டுவது நடக்காது ஐயா, தரை உறைந்து கிடக்கும். அஸ்திவாரமும் கூரையும் பனிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், இப்போதே மாப்பிள்ளைக்குப் போன் போடுங்கள்.

நம்ம ஊரில் ஆறு லிட்டர் போலக் கரும்புச் சாறு இருந்தால் ஒரு கிலோ வெல்லம் தேறிவிடும். மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான், குடித்தால் தண்ணீர் மாதிரி இருக்கும், 40 லிட்டரைச் சுண்டக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு. மீதி அத்தனையும் ஆவி. சமையலறையில் காய்ச்சியவர்கள் வீட்டில் சுவரில் ஒட்டிய காகிதமே உரிந்து வந்த கதைகள் அங்கே நிறைய உண்டு.

ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது கூரை. நம்ம கொட்டகைக்கு நாலு பக்கமும் திறப்பு, ஆவி தன்பாட்டுக்குப் போய்விடும். அங்கே குளிருக்குச் சுவர் வேண்டும் என்பதால் கூரை உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை வைத்து, அதன் பக்கவாட்டில் கீல் போட்ட கதவுகள் வைப்பார்கள். காய்ச்சும்போது கயிற்றை இழுத்துத் திறக்கலாம், வேலை முடிந்ததும் பனி விழாமல் மூடிவிடலாம். திறப்பு அடுப்பின் நீள அகலத்துக்குக் குறையக் கூடாது, நேராக அடுப்புக்கு மேலேயே இருக்கட்டும். புகைபோக்கி தனி, அது கூரையைத் துளைக்கும் இடத்தில் மரம் படாமல் இடைவெளி விடுவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தரை கான்கிரீட், பத்துக்குப் பன்னிரண்டு அடி தாராளம்.

நம்ம வட்டக் கொப்பரை அங்கே வேண்டாம். தட்டையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டுதான் சரி, பரப்பு கூடக்கூட ஆவி வேகமாகப் போகும். 2 அடிக்கு 4 அடி இருந்தால், நன்றாக எரித்தால், மணிக்கு 25 லிட்டருக்கு மேல் வற்றும். பழைய தகரப் பாத்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், பற்றவைப்பில் ஈயம் இருக்கும். சக்கை போட்டு எரிக்கிற வசதி அங்கே இல்லை, போன வருஷமே வெட்டி உலர்த்திய விறகு வேண்டும்.

நுரை பொங்கினால் நம்மவர்கள் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்களே, அங்கே துளி வெண்ணெய். பதத்தில்தான் உங்கள் கை பழக்கம் காலை வாரிவிடும்! தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற பதம் வரை போனால் பாகு போய் மிட்டாய் ஆகிவிடும். அன்றைக்குத் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று முதலில் பாருங்கள், அதைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினதும் இறக்கிவிட வேண்டும். கரண்டி விளிம்பில் சொட்டாமல் தகடு மாதிரி தொங்கி விழுவது இன்னொரு அடையாளம். சூட்டோடு கம்பளித் துணியில் வடிகட்டுங்கள், இல்லையென்றால் அடியில் மணல் போல உப்பு தங்கும்.

ராத்திரி உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் சாறு இறங்கும், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமரத்தில் துளை போட்டுத்தான் சாறு இறக்குவார்கள், ஒரு துளைக்கு சீசனில் ஏறக்குறைய 40 லிட்டர். மரத்துக்கு ஒரு துளை என்று வைத்தால், இருபது மரத்துக்கு மொத்தமே இருபது லிட்டர் பாகுதான், அதற்கு இத்தனை செலவா என்று சம்பந்தியம்மா கேட்டால் நியாயமான கேள்வியே.

கேள்வி: அந்த மேப்பிளை ஏலகிரியில் நட்டால் வருமா? அங்கே குளிர்தானே?
— வாசகி, ஆற்காடு

பதில்: ஏலகிரி 1,100 மீட்டர் உயரம்தான், உறைபனியே கிடையாது. உறைந்து உருகாமல் சாறு இறங்காது. குளிர் நாட்டிலேயே கன்று வைத்துத் துளை போடுகிற பருமன் வர 40 வருஷம் ஆகும். கையில் இடமும் ஆசையும் இருந்தால் பனங்கொட்டை ஊன்றுங்கள். அதுவும் உடனே பலன் தராது, ஆனால் நம்ம வெயிலைத் தாங்கும், பதநீர் காய்ச்ச உச்சியில் கதவு வைத்த கூரையும் தேவையில்லை.