சர்க்கரை நோய் தொற்றுவதில்லையே, பிறகு எதற்குக் கண்காணிப்பு?

தொற்றாத நோயைப் பொதுச் சுகாதாரத் துறை ஏன், எப்படிக் கண்காணிக்கிறது என்பது கேள்வி. காலரா பரவினால் சில நாட்களில் தெரிந்துவிடும். சர்க்கரை நோயோ பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் இருந்து, கண்ணையோ சிறுநீரகத்தையோ பாதித்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. ஆகவே சிகிச்சைக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால், நோய் இருப்பதையே அறியாதவர்கள் கணக்கில் விடுபட்டுப் போவார்கள்.

அதற்காகவே மக்களிடையே மாதிரிக் கணக்கெடுப்புகள் நடத்தப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறையில், முதலில் புகையிலை, உணவு, உடலுழைப்பு பற்றிய கேள்விகள் கேட்கப்படுகின்றன. அடுத்து எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் அளக்கப்பட்டு, கடைசியாக இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது.

நியூயார்க் நகரம் 2006இல் வேறு வழியில் சென்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவுகளை, நோயாளியின் ஒப்புதலைக் கேளாமலே, ஆய்வகங்கள் நகரச் சுகாதாரத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. கட்டுப்பாடற்ற சர்க்கரை உள்ளவர்களைக் கண்டறிய இது உதவும் என்றாலும், அந்தரங்கம் குறித்து அப்போது எழுந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன்.

எண்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. நல்ல சிகிச்சையால் நோயாளிகள் நீண்ட காலம் வாழ்ந்தால், புதிதாக நோய் வருபவர்கள் கூடாமலேயே மொத்த நோயாளிகளின் எண்ணிக்கை உயரும். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு திட்டம் தோற்றுவிட்டது என்று சொல்லக் கூடாது.