பக்கத்து வீட்டு மரம்: யார் பொறுப்பு?

மழைக்காலம் நெருங்கினாலே சிவில் வக்கீல்களுக்கு மரத்தகராறுதான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

தாம்பரம்: சார், பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்க கார் மேல விழுந்துடுச்சு. "காத்துல விழுந்ததுக்கு நான் என்ன பண்ண?"ங்கறார். நஷ்டஈடு கேக்க முடியுமா?

மரம் அவருடையது என்பது மட்டும் போதாது. அது விழக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, கவனித்திருந்தால் தெரிந்திருக்குமா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. நல்ல மரம் 2016 வர்தா மாதிரி ஒரு புயலில் வேரோடு சாய்ந்தால் 'கடவுள் செயல்' என்ற வாதம் பெரும்பாலும் எடுபடும். அதே மரம் அடியில் பொந்து விழுந்து, கரையான் அரித்து, உங்கள் பக்கம் சாய்ந்தே நின்றிருந்தால் அது கவனக்குறைவு. வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற காற்றை எதிர்பாராதது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். மரத்தை அறுத்து அப்புறப்படுத்தும் முன் அடிமரத்தையும் வேரையும் போட்டோ எடுத்தீர்களா? முன்பே எழுத்தில் எச்சரித்தீர்களா? வாய்ச்சொல்லை அவர் சுலபமாக மறுத்துவிடுவார். ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தாலும் உங்கள் கை ஓங்கும். வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் உண்டு. அதற்கு முன் இன்ஷூரன்ஸைப் பாருங்கள்: முழுக் காப்பீடாக இருந்தால் பணம் வரும், வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் வராது.

நாகர்கோவில்: ஐயா, அடுத்த வீட்டுத் தென்னை எங்க ஓட்டு மேல சாஞ்சு நிக்கி. சொன்னா கேக்க மாட்டேங்கார். விழுந்த பொறவுதான் கேஸ் போடணுமா?

வேண்டாம், இப்போதே செய்யலாம். பலருக்குத் தெரியாத வழி இது. விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்ட்ரேட்) உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 152-ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர் அலுவலகத்தில் போட்டோவோடு மனுக் கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். உத்தரவு உறுதியான பிறகும் அவர் அசையாவிட்டால் அதிகாரியே அகற்றி, செலவை அவரிடம் வசூலிக்கலாம். உடைந்த ஓட்டுக்கு அங்கே பணம் கிடைக்காது; அதற்கு சிவில் கோர்ட்தான்.

மதுரை: மாமரக் கிளை எங்க மாடிக்கு வந்துருச்சுண்ணே. நாங்களே வெட்டிக்கலாமா? மாங்காய் யாருக்கு?

வெட்டலாம், எல்லைக்கோடு வரை மட்டும், உங்கள் இடத்தில் நின்றபடி. 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அன்று அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) உறுதிசெய்த விதி இது. நம் கோர்ட்டுகளும் இதே வழியில்தான் போகின்றன. முன்னறிவிப்பு கட்டாயமில்லை என்றாலும் சொல்லிவிட்டு வெட்டுங்கள். அவர் மனைக்குள் கால் வைத்தால் அத்துமீறல். வேரில் ஆசிட் ஊற்றினால் கிரிமினல் வழக்கு. வெட்டிய கிளையும் காயும் சட்டப்படி அவருக்கே. ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினால் யாரும் நோட்டீஸ் விடப்போவதில்லை என்பது என் சொந்தக் கருத்து.

கோவை: அரசமர வேரு எங்க செப்டிக் டேங்க்கை உடைச்சிருச்சுங்க.

வேரை அகற்றச் சொல்லி, தனி நிவாரணச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 39-ஆம் பிரிவில் செயலுறுத்துக் கட்டளை, அதாவது 'இதைச் செய்தே ஆக வேண்டும்' என்ற கோர்ட் உத்தரவு, கேளுங்கள். நஷ்டஈட்டையும் அதே வழக்கில் சேர்க்கலாம். சிமெண்ட் பூசி மூடும் முன் அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) வைத்துப் பார்வையிடச் செய்யுங்கள். பூசிவிட்டால் சாட்சியும் போச்சு.

வேளச்சேரி: பிளாட்பார மரம், பட்டுப்போய் நிக்குது.

தொடாதீர்கள். மாநகராட்சியின் உதவி எண் 1913-இல் புகார் செய்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

குன்னூர்: எங்கள் பட்டா நிலத்து மரத்தைப் பயமாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் வெட்டச் சொல்கிறார். மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

அவருடைய பயம் மட்டும் காரணமாகாது. பட்டுப்போகாத, சாயாத மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் பக்கம் நீளும் கனத்த கிளைகளைப் பற்றிப் பேசி முடிவெடுங்கள். நீங்களே மனமிரங்கி வெட்ட நினைத்தாலும் நீலகிரியில் பட்டா நிலம் என்பது போதாது: மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி முன் அனுமதி வேண்டும். அதை அவருக்கும் சொல்லுங்கள். வனத்துறை அலுவலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டே போய்விடலாம்.