மயோசினைக் கணினியில் ஓட்டுவது பற்றி: கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன். இதயத் தசையை இழுத்துச் சுருக்கும் புரதமான மயோசினைக் கணினியில் அணு அணுவாக ஓட்டிப் பார்ப்பது (சிமுலேஷன்) என் வேலை. நான் மருத்துவர் இல்லை. இதை இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு புரதம் இரண்டு காலால் மூட்டை தூக்கி நடக்கிற வீடியோ பார்த்தேன். அதுதானே சிமுலேஷன்?

இல்லை, அது வரைந்த அனிமேஷன். அதில் நடப்பது கைனசின், செல்லுக்குள் சரக்கு சுமக்கும் வேறொரு புரதம். தசையில் இருக்கும் மயோசின் நடப்பதே இல்லை. பக்கத்திலிருக்கும் ஆக்டின் என்ற புரத இழையைப் பிடிக்கும், ஐந்து முதல் பத்து நானோமீட்டர் இழுக்கும், விட்டுவிடும். மீதி நேரமெல்லாம் ஆக்டினைத் தொடாமல் தண்ணீர் மூலக்கூறுகளிடம் அடி வாங்கி உதறிக்கொண்டிருக்கும்.

மேடம், அந்த ஒரு இழுப்பை அப்படியே ஓட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்ததே?

கணக்குப் போடுங்கள். அணுக்களை நகர்த்தும் ஒவ்வொரு அடியும் பொதுவாக 2 ஃபெம்டோ செகண்ட். ஒரு மில்லி செகண்டுக்கு 50,000 கோடி அடி வேண்டும். மயோசினின் தலையை, அதாவது ஆக்டினைப் பிடித்து இழுக்கும் பகுதியை, தண்ணீரில் போட்டால் சில லட்சம் அணுக்கள். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு நாளுக்கு 50 நானோ செகண்ட் ஓட்டுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட அந்த ஒரு மில்லி செகண்டுக்கு 20,000 நாள், அதாவது 54 வருஷத்துக்கு மேல். போதாததற்கு, மயோசினின் எரிபொருளான ஏடிபி உடைவது வேதிவினை. சாதாரண மூலக்கூறு இயக்கவியலில் பிணைப்பு உடையாது, அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் குவாண்டம் கணக்கு சேர்க்க வேண்டும்.

அதனால் ஒரே நீள ஓட்டத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான குட்டி ஓட்டங்களை ஓட்டி, புரதம் எந்த வடிவத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று புள்ளியியலாகப் பார்க்கிறோம். ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில், ஊரார் வீட்டுக் கணினிகளை வைத்து, மயோசினுக்கே இப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டத்தைக் காட்டி 'பார், இப்படித்தான் நகர்கிறது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஏடிபி உடைந்து வரும் பாஸ்பேட் வெளியேறிய பிறகுதானே மயோசினின் நெம்புகோல் சாய்ந்து இழுக்கிறது? பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

இதற்குத்தான் காத்திருந்தேன். 2015இல் பாரிஸ் குழு ஒன்று மயோசினைப் படிகமாக்கி எடுத்த அமைப்பை வெளியிட்டது: பாஸ்பேட் முதலில் புரதத்தின் பின்வாசல் வழியாக நழுவுகிறது, அப்புறம் சாய்வு. 2019இல் ஒளிப்பொறி (லேசர் கற்றையால் பிடிக்கும் கருவி) வைத்து இதய மயோசினின் ஒற்றை மூலக்கூறைப் பிடித்துப் பார்த்தவர்கள், சாய்வுதான் முதலில், பாஸ்பேட் பிறகு என்றார்கள். நான் இரண்டாவது கட்சி.

(அதே நபர்) படிகத்தில் கண்ணால் பார்த்ததை மறுக்கிறீர்களா?

படிகத்தை மறுக்கவில்லை. அது ஒரு நிலையைக் காட்டும், வரிசையைக் காட்டாது. அதில் ஆக்டினும் இல்லை, இழுவிசையும் இல்லை.

(அதே நபர்) ஒளிப்பொறியில் பாஸ்பேட் கண்ணுக்கே தெரியாதே?

சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். கரைசலில் பாஸ்பேட்டைக் கூட்டிக் குறைத்து, பிடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் மறைமுகமாகச் சொல்கிறார்கள். இன்னொன்று: பாஸ்பேட் செயலிடத்தை (ஏடிபி உடையும் இடத்தை) விட்டு நகர்வதும் புரதத்தை விட்டு வெளியே வருவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டியதில்லை. உள்ளே வழியில் சிக்கி நிற்குமானால் உங்கள் படிகமும் என் ஒளிப்பொறியும் சேர்ந்தே சரியாக இருக்கலாம். எத்தனை நேரம் சிக்கும் என்பதைத்தான் சிமுலேஷன் சொல்ல வேண்டும். தயவுசெய்து ஒரே ஓட்டத்தை வைத்துச் சொல்லாதீர்கள்.

தசை வளர எந்த புரோட்டீன் பவுடர் நல்லது?

இது அந்த இடம் இல்லை.

அக்கா, என் அண்ணனுக்கு இதயச் சுவர் தடிப்பு என்கிறார்கள். இதுவும் மயோசினா?

இருக்கலாம். இந்த நோயில் 1990இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது, இதயத்தின் பீட்டா மயோசினில் 403ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமின் வந்த மாற்றம். நம் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, மயோசினைக் கட்டுப்படுத்தும் சி-புரத மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்து விடுபட்ட மாற்றம். தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியானது. இருந்தாலே நோய் வரும் என்று அர்த்தமில்லை. பலவகை மாற்றங்களில் நடப்பது, ஓய்வில் மடங்கிக் கிடக்க வேண்டிய தலைகள் அதிகமாக எழுந்து வேலைக்கு வந்துவிடுவது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவகாம்டென் என்ற மருந்து அந்தத் தலைகளைத் திரும்ப மடங்க வைக்கிறது. தேவைக்கு மேல் மடங்கினால் இதயத்தின் இழுப்பே குறையும், அதனால்தான் எக்கோ பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. அண்ணனின் இதய மருத்துவரிடம் கேளுங்கள், கூடப் பிறந்த நீங்களும் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வே புரோட்டீன் சாப்பிட்டால் மயோசின் கூடுமா?

மேலே பாருங்கள்.

புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் ஏஐ வந்த பிறகு உங்களுக்கு என்ன வேலை?

அது வடிவம் தரும். எந்த வடிவத்தில் எத்தனை மைக்ரோ செகண்ட் நிற்கும், மரபணுவில் ஒரு எழுத்து மாறினால் அந்த நேரம் எப்படி மாறும் என்பதை அதில் பார்க்க முடியாது. எங்கள் பிழைப்பு அங்கேதான் ஓடுகிறது.

எம்எஸ்சி படிக்கிறேன், லேப்டாப்தான் இருக்கிறது. எங்கே தொடங்க?

குரோமேக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம். முதலில் லைசோசைம் மாதிரி சின்னப் புரதம், மயோசின் பக்கம் உடனே போகாதீர்கள். ஒரே தொடக்கத்தை, அணுக்களுக்கு வேறு வேறு வேகம் கொடுத்து, ஐந்து தடவை ஓட்டி ஐந்தும் எப்படி விலகிப் போகின்றன என்று வரைந்து பாருங்கள், அந்த வரைபடத்தோடு வந்தால் மீதியைப் பேசலாம்.

கிரியேட்டின்...

அடுத்தவர்.