ஜெல்லில் டி.என்.ஏ. துண்டின் அளவை லேடரோடு கண்ணால் ஒப்பிட்டுச் சொன்னால் போதாதா?

மின்சாரம் செலுத்திய ஜெல்லில் டி.என்.ஏ. துண்டுகள் நகர்ந்து பட்டைகளாகப் பிரியும்; அளவு தெரிந்த துண்டுகளின் கலவையான லேடரையும் பக்கத்தில் ஓட்டுவோம். தெரியாத துண்டின் பட்டை லேடரின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே நின்றால், அவ்விரண்டின் சராசரியை அளவாக எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூடாது. தர்மபுரியில் இளநிலை மாணவர்களுக்கு இந்தச் செய்முறையை நடத்துகிறேன். பதிவேடுகளில் நான் மிகுதியாகத் திருத்துவது இந்த இடத்தைத்தான்.

டி.என்.ஏ.வின் ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின்சுமை தாங்கியிருப்பதால், துண்டின் நீளம் கூடும்போது சுமையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே சுமை மட்டும் அவற்றைப் பிரிக்காது; துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துவைப்பது, ஜெல்லாக உறைந்திருக்கும் அகரோஸ் என்ற பொருளின் நுண்துளை வலைதான். அந்த வலையில் ஒரு துண்டு நகரும் தூரம், அதன் அளவின் மடக்கையோடுதான் ஏறத்தாழ நேர்க்கோடாக அமைகிறது. லாம்ப்டா என்ற வைரஸின் டி.என்.ஏ.வை ஹின்ட்-3 நொதியால் வெட்டிய லேடரில் 2,027, 564 கார இணைகள் (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) கொண்ட பட்டைகள் அடுத்தடுத்து வரும். உங்கள் பட்டை அவற்றுக்குச் சரிநடுவில் நின்றால் சராசரி ஏறக்குறைய 1,300 என்று காட்டும். மடக்கைக் கணக்கோ, அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், சுமார் 1,070தான் வரும். இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்கவே முடியாது.

எனவே மாதிரியை இட்ட குழியிலிருந்து ஒவ்வொரு பட்டையின் முன்விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து, அரைமடக்கைத் தாளில் குறித்து, கோட்டின் நேரான பகுதியிலிருந்து மட்டும் விடையைப் படியுங்கள். பெரிய துண்டுகளின் பக்கம் கோடு வளைந்துவிடும். 1 சதவீத ஜெல்லில் லேடரின் 9,416 பட்டைக்கு மேலே நிற்கும் பட்டைக்கு எண் எழுத நான் மாணவர்களை அனுமதிப்பதில்லை. இந்த லேடரின் 23,130, 4,361 துண்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், குழியில் இடுவதற்கு முன் 65 டிகிரியில் சில நிமிடங்கள் சூடாக்குவதும் அவசியம்.

லேடரும் மாதிரியும் ஒரே ஜெல்லில் ஓட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டிலும் உப்பின் அளவு ஒத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். எங்கள் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து கொண்டுவரும் இலைகளில் டி.என்.ஏ. எடுக்கும்போது, நன்றாகக் கழுவாவிட்டால், கூடவே வரும் பிசுபிசுப்பான பாலிசாக்கரைடுகளும் ஓட்டத்தைக் கெடுத்துவிடும்.

பாக்டீரியாவில் இருக்கும் சிறு வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிட் என்றால் இன்னும் கவனம் தேவை. வெட்டப்படாத பிளாஸ்மிட் முறுக்கேறிய வடிவில், அதே அளவுள்ள நேர்த்துண்டைவிடப் பொதுவாக விரைவாக ஓடும் என்பதால், நேர்த்துண்டுகளாலான லேடரை வைத்து அதை அளப்பது பொருந்தாது. ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் முதலில் அதை நேராக்கிக்கொண்டு, பிறகு ஓட்டுங்கள்.