சர்வர் அங்கே, ஆள் இங்கே: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிலைமைதான். லினக்ஸ் கணினி ஓர் ஊரில், அதைப் பார்த்துக்கொள்பவர் வேறு ஊரில்.

ராணிப்பேட்டை வாசகர்: எங்கள் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் இரண்டு உபுண்டு சர்வர்கள் உள்ளன. கட்டளை அடிக்கத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வெப்மின் நல்லதா, காக்பிட் நல்லதா?

இரண்டுமே சர்வரைப் பிரவுசர் வழியாக நிர்வகிக்க உதவும் மென்பொருள்கள். உங்களுக்குக் காக்பிட் போதும். உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. சர்வரில் ஏற்கெனவே உள்ள பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொண்டே உள்ளே போகலாம். பிரவுசரில் செய்த மாற்றம் டெர்மினலிலும் தெரியும், டெர்மினலில் செய்தது இங்கேயும் தெரியும். அதனால் நாளை வேறொருவர் வந்து கட்டளையில் வேலை பார்த்தாலும் குழப்பம் இல்லை.

வெப்மின் 1997 முதல் இருக்கிறது, ஜேமி கேமரூன் பெர்ல் மொழியில் தொடங்கியது. பைண்ட் (டிஎன்எஸ்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில்), சம்பா (கோப்புப் பகிர்வு) என்று ஒவ்வொன்றின் அமைப்புக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறது. மெயில் சர்வரை நீங்களே நடத்துவதாக இருந்தால் அதைப் பாருங்கள்.

குடியாத்தம் வாசகர்: அப்பாவின் கடை சர்வரைச் சென்னையிலிருந்து கவனிக்கிறேன். ரௌட்டரில் 10000 போர்ட்டைத் திறந்து வெப்மினுக்கு அனுப்பியிருக்கிறேன். தினமும் தெரியாத முகவரிகளிலிருந்து லாகின் முயற்சி நடப்பது லாகில் தெரிகிறது. பாஸ்வேர்டை நீளமாக்கினால் போதுமா?

போதாது. இதைப் படித்து முடித்த கையோடு அந்தப் போர்ட்டை மூடுங்கள். கடைக் கணக்கு முழுக்க அந்த சர்வரில்தானே இருக்கிறது.

நீளமான பாஸ்வேர்டும் கைகொடுக்காத நாள் ஒன்று வந்ததைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் வெப்மினில் ஒரு பின்வாசல் இருப்பது வெளியே வந்தது. மென்பொருள் தொகுப்பைத் தயாரிக்கும் கணினியிலேயே யாரோ புகுந்து அதைச் செருகியிருந்தார்கள். 1.890 பதிப்பை நிறுவி அப்படியே விட்டிருந்தவர்களின் சர்வரில், பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் ரூட் (முழு) அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட முடிந்தது. அடுத்து 1.920 வரை வந்த பதிப்புகளில், காலாவதியான பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வசதியை இயக்கியிருந்தால் ஆபத்து. 1.930இல்தான் அது நீங்கியது. உள்ளூர் நெட்வொர்க்குக்குள் மட்டும் வெப்மினை வைத்திருந்தவர்களை இணையத்திலிருந்து யாரும் தொட முடியவில்லை.

சரி, அப்படியானால் சென்னையிலிருந்து எப்படிப் பார்ப்பது? எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக, அதாவது தூரத்து சர்வரோடு மறைகுறியில் பேசும் இணைப்புக்குள்ளேயே வெப்மினையும் கொண்டுவந்து. விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் மென்பொருள் இருந்தால் அதன் டனல்ஸ் பகுதியில் சோர்ஸ் போர்ட் 10000 என்றும், டெஸ்டினேஷன் localhost:10000 என்றும் கொடுத்து இணையுங்கள். பிறகு உங்கள் பிரவுசரில் localhost:10000 என்று திறந்தால் கடை வெப்மின் வரும். வெளியே திறந்திருப்பது எஸ்எஸ்ஹெச் மட்டும். அதிலும் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு வைத்திருப்பவர் மட்டும் நுழையும்படி செய்யுங்கள். அந்தக் கோப்புக்கு ஒரு நகலைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் வாசகி: எங்கள் ஃபைபர் இணைப்பில் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. ரௌட்டர் காட்டும் முகவரி 100.70 என்று தொடங்குகிறது.

ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை அதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள். எனவே வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை, உள்ளிருந்து வெளியே போகலாம். பொது முகவரி உள்ள சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் வயர்கார்டு என்ற விபிஎன் (கணினிகளை இணைக்கும் தனிப் பாதை) வையுங்கள். ஆம்பூர் கணினி அதை அழைத்து இணைந்துகொள்ளும், உங்கள் மடிக்கணினியும் அங்கேயே இணையும். இணைப்பு தூங்கிவிடாமல் 25 விநாடிக்கு ஒருமுறை சிக்னல் அனுப்பும் அமைப்பை ஆம்பூர் பக்கத்தில் மறக்காமல் போடுங்கள். 2020இல் வந்த 5.6 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் வயர்கார்டு லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

வாலாஜா வாசகர்: காக்பிட்டில் நுழைந்தேன், எதையும் மாற்ற முடியவில்லை.

மேலே ‘லிமிடெட் ஆக்ஸஸ்’ என்று இருக்கும். அதைத் தட்டி உங்கள் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உங்கள் பயனருக்குச் சூடோ (நிர்வாகி) அனுமதி இருக்க வேண்டும்.

ஆற்காடு வாசகர்: உபுண்டு சர்வரில் இணையம் நன்றாக ஓடுகிறது. ஆனால் காக்பிட்டின் அப்டேட் பக்கம் ஆஃப்லைன் என்கிறது.

உங்கள் இணையத்தில் கோளாறு இல்லை. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிப்பது சிஸ்டம்டியின் நெட்வொர்க்டி என்ற சேவை. அப்டேட் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பேக்கேஜ்கிட், நெட்வொர்க்மேனேஜர் என்ற வேறொரு சேவையைக் கேட்கிறது. தன் பொறுப்பில் எந்த இணைப்பும் இல்லாததால் நெட்வொர்க்மேனேஜர் ‘ஆஃப்லைன்’ என்று பதில் சொல்லிவிடுகிறது. நெட்வொர்க்மேனேஜரில் பெயருக்கு ஒரு டம்மி இணைப்பை உருவாக்கி, ஒரு போலி முகவரியும் கேட்வேயும் கொடுத்தால் சரியாகும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானையே மாற்றும் வழியும் உண்டு. அதை சர்வர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

வாணியம்பாடி வாசகர்: தூரத்திலிருந்தே ஃபயர்வாலை இயக்கலாமா?

இயக்கலாம், திரும்பி வரும் வழியை முதலில் போட்டுவிட்டு. ஒருமுறை நான் எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுக்காமல் ஃபயர்வாலை இயக்கிவிட்டேன். அதைச் சரிசெய்ய வேலூரிலிருந்து உங்கள் ஊருக்கே பஸ் ஏற வேண்டியதாயிற்று, அந்த அலுவலகத்தில் அரைநாள் பில் போட முடியவில்லை. அதற்கப்புறம் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்: பத்து நிமிடத்தில் ஃபயர்வாலைத் தானாக நிறுத்தும் வேலை ஒன்றை முதலில் குறித்து வைப்பேன். பிறகு எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி, அடுத்து ஃபயர்வால். இருக்கும் இணைப்பை மூடாமல் புதிதாக இன்னொன்றைத் திறந்து பார்ப்பேன். அது திறந்தால்தான் குறித்து வைத்த வேலையை ரத்து செய்வேன்.